அம்மாவின் போனும் அதிர்வும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம், அவளிடம் சொல்.

அம்மாவுக்குக் காது மந்தமானதால் போனை அதிர்வில் வைத்துக் கொடுத்தும் அழைப்புகளைக் கவனிப்பதில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். அது கவனக்குறைவு இல்லை, சேகர். தயவுசெய்து அவர்களைக் கடிந்துகொள்ளாதே.

தோலின் ஆழத்தில் வெங்காயம்போல அடுக்கடுக்காகச் சுற்றிய நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. இத்தாலிய மருத்துவர் ஃபிலிப்போ பாசினியின் பெயரால் வழங்குகின்றன. நொடிக்கு 200 முதல் 300 தடவை வரையிலான அதிர்வுதான் இவற்றுக்கு மிக நன்றாக எட்டும். அந்த வேகத்தில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அசைவைக்கூட இளம் விரல்நுனி கண்டுபிடித்துவிடும். போன் மோட்டார்களும் ஏறக்குறைய இந்த வேகத்தை ஒட்டித்தான் அதிர்கின்றன. ஆனால் வயதாக ஆக, மெதுவான அசைவுகளை உணரும் திறனைவிட இந்த வேகமான அதிர்வை உணரும் திறன்தான் அதிகம் மங்குகிறது. போன் நன்றாகத்தான் அதிரும், அவர்களுக்கு எட்டாது.

நடமாடும்போது இன்னும் மோசம். உடம்பு அசையும்போது தொடு உணர்வை மூளையே கொஞ்சம் அடக்கிவைக்கிறது. பைக்குள் இருந்தால் துணியும் அதிர்வை வாங்கிக்கொள்ளும்.

மூளை இதில் எவ்வளவு புகுந்து விளையாடுகிறது என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. 2016இல் வந்த ஐபோன் 7இன் முகப்புப் பொத்தான் அசையவே அசையாது. உள்ளே ஒரு சின்னத் துடிப்பு, அவ்வளவுதான். விரலுக்கோ பொத்தான் அமுங்கியதாகவே தோன்றும். வராத அழைப்புக்குப் போன் அதிர்ந்ததாகப் பலருக்குத் தோன்றுகிறதே, அதுவும் மூளை எதிர்பார்த்துக் காத்திருப்பதால்தான் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு ஒன்று செய்து பார். அந்த உணர்விகள் பரந்த தொடுபரப்பில் கிடைக்கும் அதிர்வைக் கூட்டி உணரும். அதனால் உட்கார்ந்திருக்கும்போது போனை உள்ளங்கை முழுதும் படும்படி வைத்துக்கொள்ளச் சொல். அமைப்புகளில் அதிர்வின் வலிமையைக் கூட்டி, நீண்ட ஒரே அதிர்வுக்குப் பதிலாக விட்டுவிட்டு வரும் முறையைத் தேர்ந்தெடு. எழுந்து வேலை பார்க்கும் நேரத்துக்கு, அழைப்பு வந்தால் விளக்கு மின்னும் வசதியையும் போட்டுவிடு.

எது பலித்தது என்று மறக்காமல் எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரகு