இறுதி ஊர்வலப் பாடலுக்கு உரிய மரியாதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு வீட்டில் சாவு நிகழ்ந்துவிட்டது என்பதை, வாசலில் பந்தல் போடுவதற்கு முன்பே தெருவுக்குத் தெரிவித்துவிடுவது ‘வீடு வரை உறவு’ என்னும் பாடல்தான். 1962-இல் வெளிவந்த ‘பாத காணிக்கை’ படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்து, டி.எம். சௌந்தரராஜன் பாடிய பாடல் அது. எந்தச் சாத்திரமும் அதை விதிக்கவில்லை. ஆயினும் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் தாங்களாகவே அதை இறுதிச் சடங்கின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அத்தகைய பாடலை இன்று நாம் ஒலிக்கவிடும் விதம் அதற்கும் பெருமை சேர்க்கவில்லை, இறந்தவருக்கும் மரியாதை செய்யவில்லை என்ற வருத்தத்தால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இப்பாடலின் வேர் பட்டினத்தாரிடம் இருக்கிறது. ‘அத்தமும் வாழ்வும் அகத்து மட்டே’ என்று தொடங்கும் பாடலில் அவர், பொருளும் வாழ்வும் வீட்டோடு நின்றுவிடும், கண்ணீர் வடிக்கும் மனைவி வீதியோடு நின்றுவிடுவாள், தலைமேல் கைவைத்து விம்மியழும் பிள்ளைகள் சுடுகாட்டோடு நின்றுவிடுவார்கள், அதற்கப்பால் தொடர்ந்து வருபவை நாம் செய்த புண்ணியமும் பாவமுமே என்று முடிக்கிறார். கண்ணதாசன் அதே வழியில் வீடு, வீதி, காடு என்று நடந்துவந்தாலும், பட்டினத்தார் விடை சொன்ன இடத்தில் அவர் விடை சொல்வதில்லை. கடைசிவரை உடன் வருவது யார் என்பதைத் திறந்தே விட்டுவிடுகிறார். துறவியின் பாட்டு நமக்கு உபதேசம் செய்கிறது. இந்தப் பாட்டோ, துக்கத்தில் இருப்பவர் தம் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வியை அவருக்காக உரக்கக் கேட்கிறது. நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும், படித்தவரும் படிக்காதவரும் அதைத் தங்கள் பாடலாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன். டி.எம்.எஸ். அவர்களும் அழுகையைக் குரலில் ஏற்றாமல், நடந்ததை நடந்தபடி சொல்லும் திடத்தோடுதான் பாடியிருக்கிறார். கேட்பவரே அழுதுகொள்ளட்டும் என்று விட்டுவிட்ட பாடும் முறை அது.

ஆனால் நடைமுறையில் காண்பது என்ன? ஒலிபெருக்கி வைப்பவர் ஒரு நினைவக அட்டையில் இருபது முப்பது சோகப் பாடல்களை ஏற்றி வைத்திருக்கிறார். காலையில் அதைப் போட்டுவிட்டுப் போனால் மாலையில் எடுக்கும்வரை அது தானே சுற்றிச் சுற்றி ஓடுகிறது. கூம்பு வடிவக் குழாய் ஒலிபெருக்கி தெருமுனை மின்கம்பத்தில் கட்டப்பட்டிருக்கும். வெளியூரிலிருந்து மகள் வந்து இறங்கி, தாயின் காலடியில் விழுந்து, அவர் தன்னை வளர்த்த கதையை ஒப்பாரியாகச் சொல்லத் தொடங்கும்போது அந்தக் குரல் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கே கேட்பதில்லை. சில வேளைகளில் அவள் பாடுவதை நிறுத்திவிட்டு வெறுமனே அழுகிறாள். அந்த வீட்டுக்கென்றே, அந்த ஒருவருக்கென்றே அந்த நேரத்தில் பிறக்கும் பாட்டை, பதிவு செய்யப்பட்ட பாட்டு அமுக்கிவிடுகிறது. கடைசியில் நீர்மாலை எடுத்து, வாய்க்கரிசி போட்டு, பாடையைத் தூக்கும் நேரம் வரும்போது, காலையிலிருந்து பத்து முறை கேட்டுப் பழகிவிட்ட ‘வீடு வரை உறவு’ யார் மனத்தையும் தொடுவதில்லை. வாகனம் வந்துவிட்டது என்று பாதிச் சரணத்தில் அதை நிறுத்திவிடுவதும் உண்டு.

எனவே இப்பாடலை உடல் வாசலைக் கடக்கும் அந்த நேரத்துக்கென்றே வைத்துக்கொள்வோம். ஒரே முறை, முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை, பந்தலில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும் அளவில் ஒலிக்கட்டும். மற்ற நேரம் ஒப்பாரிக்கும், பறைக்கும், தேவாரமோ திருவாசகமோ ஓதுவோருக்கும் உரியதாக இருக்கட்டும்.

எல்லாச் சாவுக்கும் இப்பாடல் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பேரன் பேத்தி எடுத்து, வாழ்ந்து முடித்தவருக்கு அது தக்க விடைகொடுப்பு. பள்ளி செல்லும் பிள்ளையையோ, மணமாகி ஓராண்டும் ஆகாத இளைஞனையோ பறிகொடுத்த வீட்டில், உறவுகள் யாவும் பாதி வழியில் நின்றுவிடும் என்று ஒலிபெருக்கி அறிவிப்பது அந்தத் தாயைக் குத்திக் கிழிப்பதாகும். அங்கே பாட்டே வேண்டாம். அதேபோல, மனைவி வீதியோடு நின்றுவிடுவாள் என்பது அன்றைய வழக்கத்தைச் சொல்வதே அன்றிக் கட்டளை அன்று. இன்று மனைவியும் மகளும் மயானம்வரை செல்கிறார்கள். மகளே கொள்ளி வைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அப்படிச் செல்ல விரும்பும் பெண்ணைத் தடுப்பதற்கு இப்பாட்டைச் சாட்சிக்கு இழுக்கும் பெரியவர்களிடம், கண்ணதாசன் சட்டம் எழுதவில்லை என்று பணிவோடு சொல்ல விரும்புகிறேன்.

ஒலி குறித்த சட்டமோ தெளிவாகவே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே வரம்பு. திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது பொது விதி. துக்க வீட்டில் போய் எப்படிக் கேட்பது என்று அக்கம்பக்கத்தாரும் காவல் துறையினரும் தயங்குவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆகவே இதைச் செய்ய வேண்டியவர்கள் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர்களே. குழாயைக் கட்டுவதற்கு முன் வீட்டுக்காரர்களில் ஒருவரை அழைத்து, பாட்டு வேண்டுமா, எந்தப் பாட்டு, எப்போது என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால் போதும். துக்கத்தில் இருப்பவர்களுக்கு அதை யோசிக்கும் மனநிலை இராது என்பதால், அந்தப் பொறுப்பைப் பங்காளிகளிலோ நண்பர்களிலோ நிதானமான ஒருவர் முன்வந்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்