அஸுலேஷு என்றால் நீலம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் நவீன மட்கலை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத பொருள், எடுத்துக்கொண்டதற்கு நன்றி. ஆனால் முதல் பத்தியில் நேர்ந்த ஒரு பிழை கட்டுரையின் போக்கையே மாற்றிவிட்டது. அதனால் இந்தக் கடிதம்.

போர்ச்சுகலின் சுவர் ஓடுகளுக்கு அஸுலேஷு என்று பெயர். 'அஸுல்' என்றால் நீலம், அதிலிருந்து வந்த சொல் இது என்கிறது கட்டுரை. அது தவறு. மெருகேறிய சிறு கல்லைக் குறிக்கும் 'அஸ்ஸுலைஜ்' என்ற அரபுச் சொல்தான் இதன் வேர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் முதலாம் மானுவல் சிந்த்ரா அரண்மனைக்கு ஸ்பெயினின் செவில்லியா நகரிலிருந்து வரவழைத்த ஓடுகளைப் பாருங்கள்: பச்சை, தேன் நிறம், வெள்ளை, கருமை எல்லாம் இருக்கும். நீலமும் வெள்ளையும் மட்டும் கோலோச்சியது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். சீனப் பீங்கான் மீதும் டச்சு ஓடுகள் மீதும் ஏற்பட்ட மோகம் அதற்குக் காரணம்.

சொல்லின் வேரை விட்டதால், ஓட்டுக் கலையின் நவீனக் கலைஞர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதும் கட்டுரையில் விடுபட்டுவிட்டது. அவர்கள் எடுத்தது வடிவங்களை மட்டுமல்ல, சூளையின் தொழில்நுட்பத்தையும்தான். ஒரே ஓட்டில் பல வண்ணப் பூச்சுகளை இட்டுச் சுட்டால் அவை உருகி ஒன்றோடொன்று கலந்துவிடும். முஸ்லிம் ஸ்பெயினின் மரபில் வந்த கைவினைஞர்கள் இதற்கு இரண்டு வழி வைத்திருந்தார்கள். எண்ணெயில் குழைத்த மாங்கனீசால் கோடிழுப்பது ஒன்று. நீரில் கரைத்த பூச்சு அந்த எண்ணெய்க் கோட்டைத் தாண்டாது. ஈர மண்ணை அச்சில் அழுத்தி வரம்பு எழுப்புவது மற்றொன்று. வயல் வரப்பு தண்ணீரைத் தேக்குவதுபோல அது வண்ணத்தைத் தேக்கும். 1500ஐ ஒட்டிச் செவில்லியாவுக்கு வந்த இத்தாலியர் நிக்குலோசோ பிசானோதான் வெள்ளைப் பூச்சின் மேல் தூரிகையால் வரையும் முறையை அங்கே கொண்டுவந்தார்.

அந்த வெள்ளைப் பூச்சை வெறும் 'பெயின்ட்' என்று கட்டுரை எழுதியிருப்பது வருத்தம் தருகிறது. காரீயம் கலந்த கண்ணாடிப் பூச்சில் வெள்ளீய ஆக்சைடு 5 முதல் 10 சதவீதம் சேர்த்தால் அது பால்போல வெளுத்து மண்ணின் நிறத்தை மறைக்கும். ஒருமுறை சுட்ட ஓட்டை இந்தக் கரைசலில் முக்கினால், ஓடு நீரை உறிஞ்சிக்கொண்டு, மேலே மாவுபோன்ற படலம் நிற்கும். அதன்மேல்தான் வரைய வேண்டும். தூரிகை பட்டதும் நிறம் உள்ளே இறங்கிவிடும், அழித்துத் திருத்த முடியாது. பிறகு ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியஸில் இரண்டாம் சூடு. ஓட்டில் எண்ணெய்ப் பிசுக்கோ தூசியோ இருந்தால் பூச்சு சுருண்டு விலகி மண் தெரியும். ஆறும்போது மண்ணைவிடப் பூச்சு அதிகமாகச் சுருங்கினால் நுண்விரிசல் விழும். அதைத் தடுக்கத்தான் சுண்ணாம்பு மிகுந்த களிமண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். பக்கத்தில் குரோமியம் கலந்த பச்சை இருந்தால் அதன் ஆவி பட்டே வெள்ளை இளஞ்சிவப்பாகிவிடும்.

உலோக மினுக்கு வேலை இதைவிடக் கடினம். சுட்டு முடித்த ஓட்டின்மேல் தாமிர, வெள்ளி உப்புகளைக் காவி மண்ணோடு குழைத்துப் பூசி, 600 டிகிரியை ஒட்டி, காற்றை அடைத்துப் புகையில் மூன்றாம் முறை சுட வேண்டும். சூடு மிஞ்சினால் காவி பூச்சோடு ஒட்டிக்கொள்ளும், புகை குறைந்தால் மினுக்கே வராது. இப்படி நலிந்துகொண்டிருந்த பழைய கைவினைகளை மீட்கத்தான், 1888 பார்சிலோனா கண்காட்சிக்குப் பிறகு, அதற்கென எழுப்பிய உணவகக் கட்டடத்திலேயே கட்டடக் கலைஞர்கள் தொமேனெக் இ மொந்தானெரும் கலிஸாவும் பட்டறை நடத்தினார்கள். பார்சிலோனாவை மையமாகக் கொண்ட கட்டலான் நவீனம் பழமையை உதறிவிட்டுப் பிறந்தது என்று எழுதுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

பார்சிலோனாவில் கட்டடக் கலைஞர் கௌதி அமைத்த குவெல் பூங்காவின் உடைந்த ஓட்டு வேலை, கட்டுரை சொல்வதுபோல 'கௌதியின் விசித்திரக் கற்பனை' அல்ல, வடிவியலின் தேவை. இரண்டு திசையிலும் வளையும் பரப்பில் தட்டையான முழு ஓடு படியாது, ஓரம் தூக்கும். உடைத்தால் படியும். ஆலை கழித்துப் போட்ட ஓடுகளும் இதனால் பயன்பட்டன. அங்குள்ள பாம்பு வளைவு இருக்கையின் வண்ணக் கோவை பெரும்பாலும் கௌதியின் உதவியாளரான கட்டடக் கலைஞர் ஜூஸெப் மரியா ஜூஜோலுடையது.

பாரிஸ் யுனெஸ்கோ தலைமையகத்தின் சூரியச் சுவரும் சந்திரச் சுவரும் (1958) கட்டுரையில் ஓவியர் மிரோவின் பெயரில் மட்டும் போயிருக்கின்றன. 15 மீட்டரும் 7.5 மீட்டரும் நீளமுள்ள அந்தச் சுவர்களின் மண்ணும் பூச்சும் நெருப்பும் மட்கலைஞர் யோரென்ஸ் ஆர்டிகாஸுடையவை. முதலில் செய்த ஒரே அளவுச் சதுர ஓடுகள் உயிரற்றுத் தெரிந்ததால் இருவரும் அவற்றை ஒதுக்கினார்கள். ஸ்பெயினின் சான்டியானா தெல் மார் ஊரில் ஈரத்தால் அரிக்கப்பட்ட பழைய தேவாலயச் சுவரைப் பார்த்த பிறகு, அளவு மாறுபட்ட ஓடுகளுக்குப் போனார்கள்.

போர்ச்சுகலில் ஓவியர் மரியா கைல் செய்ததும் துணிச்சலான வேலை. ஓடு என்றால் சமையலறைக்கும் குளியலறைக்கும் என்று கலையுலகம் ஒதுக்கியிருந்த காலம் அது. 1959இல் திறந்த லிஸ்பன் சுரங்க ரயில் நிலையங்களில் பெரும்பாலானவற்றின் சுவர்களை அவர் மனித உருவமே இல்லாத வடிவக் கோவைகளால் நிரப்பினார். வியூவா லமேகோ ஆலையில் உருவான அந்த ஓடுகளில் பழைய செவில்லியா ஓட்டின் திரும்பத் திரும்ப வரும் அடுக்கு முறை அப்படியே தெரியும்.

இறுதியாக, லிஸ்பன் செல்பவர்கள் பழைய ஓடு ஒன்றை நினைவுப்பொருளாக வாங்கி வரலாம் என்ற யோசனையைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். அங்கே விற்பனைக்கு வரும் பழைய ஓடுகளில் சுவரிலிருந்து திருடப்பட்டவையும் உண்டு. இதை எதிர்த்து 2007 முதல் 'எஸ்ஓஎஸ் அஸுலேஷு' என்ற திட்டம் இயங்குகிறது. ஓடு பதித்த முகப்புகளை நினைத்தபடி பெயர்ப்பதை 2017இல் நாடு முழுவதற்கும் சட்டம் தடுத்தது. பெயர்த்த ஓட்டைச் சிமென்ட்டில் பதிப்பதும் கேடு. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. அதிலிருந்து வரும் உப்பு பூச்சுக்கு அடியில் படிகமாகி, ஓரத்திலிருந்து பூச்சை உரித்துவிடும். சுண்ணாம்புச் சாந்துதான் பொருத்தம்.

இணையப் பதிப்பிலாவது படக்குறிப்புகளில் ஜூஜோல், ஆர்டிகாஸ், மரியா கைல் ஆகிய மூன்று பெயர்களையும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்