எங்கள் வீட்டு அலங்கோலத்தைக் குறை என்று எழுதாதீர்கள்: மழலையர் பள்ளி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதல்வர்களுக்கும் தாளாளர்களுக்கும்,

வணக்கம்.

தமிழ்நாட்டின் தனியார் பள்ளிகளில் ப்ரீகேஜி, எல்கேஜி, யூகேஜி வகுப்புகளை நடத்திவரும் உங்கள் அனைவருக்குமாக இந்த மடலை எழுதுகிறேன். என் மூத்த மகள் யூகேஜி படிக்கிறாள். இளையவனுக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. எந்தவொரு பள்ளியின் மீதும் புகார் கூறுவது என் நோக்கம் அன்று. இந்த வயதுக் குழந்தைகளை வளர்ப்பவர்கள் வேன் நிறுத்தத்திலும் மாடிப்படியிலும் சந்தித்துக்கொள்ளும்போது தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒரு செய்தியை, அதை மாற்றக்கூடிய இடத்தில் இருக்கும் உங்களிடம் நேராகச் சொல்ல விரும்புகிறேன். சிறு குழந்தைகள் வளரும் வீடு அலங்கோலமாகத்தான் இருக்கும். அந்த அலங்கோலத்தைப் பெற்றோரின் குறையாகக் கருதி டைரியில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும், குழந்தை தானே செய்து பழக வேண்டிய ஒரு வேலையை அதன் கையிலிருந்து பறித்து எங்கள் கைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான் என்றாலும், இது எப்படி நிகழ்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் மகள் சில மாதங்களாகத் தானே ஷூ போட்டுக்கொள்வேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். வாசற்படியில் உட்கார்ந்து, சாக்ஸின் வாயை இரண்டு கைகளாலும் அகட்டிப் பிடித்து, விரல்கள் ஐந்தும் உள்ளே போய்விட்டனவா என்று குனிந்து பார்த்து மெதுவாக இழுப்பாள். குதிகாலுக்கு உரிய பகுதி பெரும்பாலும் பாதத்தின் மேற்புறம் வந்து புடைத்துக்கொண்டு நிற்கும். அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கழற்றுவாள், மறுபடியும் போடுவாள். ஷூவில் இடது வலது மாறும். ஒட்டுப்பட்டையைப் பிரிக்கும்போது எழும் ஓசை பிடித்துப்போய், ஒட்டிய பட்டையை மீண்டும் பிரித்து ஒட்டுவாள். இதற்குள் தம்பி மற்றொரு ஷூவைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போயிருப்பான். கூடத்தில் அவன் கவிழ்த்த கஞ்சி ஈரமாகக் கிடக்கும். தெருமுனையில் வேனின் ஹாரன் கேட்கும். தாமதமாக வந்தால் கதவடைப்பு என்றும், மூன்று முறை தாமதமானால் பெற்றோர் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்றும் சுற்றறிக்கை வந்திருக்கும் வீட்டில், அந்த நிமிடத்தில் என்ன நடக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஷூவைக் குழந்தையின் கையிலிருந்து வாங்கி நாங்களே மாட்டிவிடுகிறோம். நொடியில் வேலை முடிகிறது. தன் முயற்சி பாதியில் பிடுங்கப்பட்ட குழந்தை அழுதபடியே வேன் ஏறுகிறது. அழுக்கில்லாத ஷூவோடும் சரியாக இழுத்துவிடப்பட்ட சாக்ஸோடும் வகுப்புக்குள் நுழையும் அந்தக் குழந்தையைப் பார்க்கும் ஆசிரியைக்கு, அன்று வீட்டில் அது எதை இழந்துவிட்டு வந்தது என்று தெரிய வழியே இல்லை.

இங்கே மரியா மாண்டிசோரியை நினைவுபடுத்துவது பொருந்தும், ஏனெனில் அவர் பெயரைப் பலகையில் எழுதிவைத்திருக்கும் பள்ளிகள் உங்களில் ஏராளம். 1907-இல் ரோம் நகரின் ஓர் ஏழைக் குடியிருப்பில் தமது முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய அவர், 1939-இல், தமது 69-ஆம் வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று நம் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலம் குறுக்கிட்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவற்றில் சில ஆண்டுகளைக் கொடைக்கானலில் கழித்தார். அவர் வகுத்த முறையில் எழுத்தும் எண்ணும் பின்னால்தான் வருகின்றன. ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, தரையைப் பெருக்குவது, சிந்தியதைத் துடைப்பது, பொத்தான் போடுவது, நாடா கட்டுவது ஆகிய அன்றாட வேலைகளே முதலில் வருகின்றன. பொத்தானும் கொக்கியும் நாடாவும் போட்டுக் கழற்றிப் பழகுவதற்கென்றே துணி பொருத்திய மரச்சட்டங்களை அவர் வடிவமைத்தார். அந்தச் சட்டங்களை அழகாக அடுக்கிவைத்திருக்கும் வகுப்பறைக்குக் குழந்தை நேரத்தோடு வந்து சேர வேண்டும் என்பதற்காக, வீட்டில் அதே பொத்தானை நாங்கள் அவசர அவசரமாகப் போட்டுவிடுகிறோம். பள்ளியில் கருவி வைத்துக் கற்பிக்கப்படும் பாடம் வீட்டில் இயல்பாகவே நடந்துகொண்டிருக்கிறது என்பதை நீங்கள் மனத்தில் கொண்டால், எங்கள் காலை நேரத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும் என்று நம்புகிறேன்.

டிஃபன் பாக்ஸ் செய்தியும் இதைப் போன்றதே. உடைகளில் கறை படியாத, கையில் ஒட்டாத, சீக்கிரம் சாப்பிட்டு முடிக்கக்கூடிய உணவையே கொடுத்தனுப்புமாறு எழுதும் பள்ளிகள் இருக்கின்றன. ரசம் சாதமும் கீரைக் கூட்டும் சாப்பிட்டு வளரும் குழந்தை, முதலில் அதைத் தட்டைச் சுற்றிலும் தன் மேலும் சிந்தியபடிதான் உண்ணக் கற்கிறது. என் வீட்டில் இளையவன் தயிர்சாதத்தைத் தரையில் கொட்டிவிட்டு, பக்கத்தில் கிடக்கும் துணியை எடுத்து அதைத் துடைக்க முயல்வான். அவன் துடைக்கத் துடைக்கத் தயிர் இன்னும் அகலமாகப் பரவும். துணியும் முழங்காலும் வெள்ளையாகும். பார்ப்பவர் கண்ணுக்கு அது வேலையை இரட்டிப்பாக்கும் செயல். எனக்கோ, தன்னால் கொட்டப்பட்டதைத் தான்தான் துடைக்க வேண்டும் என்று இரண்டு வயதுகூட நிரம்பாத ஒருவனுக்குத் தோன்றியிருப்பது பெரிய செய்தியாகப் படுகிறது. அவனுக்கு அந்தத் துணியை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால், அந்தக் கால் மணி நேரம் வீடு அப்படித்தான் கிடக்கும். (வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் அச்சம் உண்டு, சுவரில் குழந்தை போட்ட ஒவ்வொரு கிரேயான் கோடும் காலி செய்யும்போது அட்வான்ஸில் கழியும்.)

வீட்டின் உட்புறம் முன்பு எங்களுடையதாக மட்டுமே இருந்தது. கொரோனா காலத்து இணைய வகுப்புகளுக்குப் பிறகு அதுவும் பள்ளியின் பார்வைக்குள் வந்துவிட்டது. பாட்டைக் குழந்தை வீட்டில் பாடும் காணொளி, பண்டிகை உடையில் ஒரு படம், சாலட் செய்யும் படம், செடிக்குத் தண்ணீர் ஊற்றும் படம் என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்கப்படுகின்றன. கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். வீட்டையும் பள்ளியையும் இணைக்க வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் படம் எடுப்பதற்கு முன் என்ன நடக்கிறது? பின்னால் தெரியும் துணிமூட்டை அகற்றப்படுகிறது. பொம்மைகள் கட்டிலுக்கு அடியில் தள்ளப்படுகின்றன. பாட்டின் நடுவே தலையைச் சொறிந்த குழந்தை மீண்டும் முதலிலிருந்து பாடப் பணிக்கப்படுகிறது. குறுக்கே வந்த தம்பி அடுத்த அறையில் அடைக்கப்படுகிறான். நாற்பது வீடுகளின் படங்கள் அடுத்தடுத்து வரும்போது, அவற்றில் எதிலும் ஒரு மடிக்காத போர்வைகூட இல்லாதபோது, தன் வீடு மட்டும்தான் இப்படி இருக்கிறதோ என்று ஒவ்வொரு தாயும் தனித்தனியே குன்றிப்போகிறாள். எல்லா வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் பொம்மைகள் தள்ளப்பட்டிருக்கின்றன என்பது யாருக்கும் தெரிவதில்லை.

பிராஜெக்ட் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. நான்கு வயதுக் குழந்தை செய்ததாகச் சொல்லப்படும் தெர்மாகோல் கிராமத்தையும் சார்ட்டில் ஒட்டிய போக்குவரத்து விளக்கையும் செய்தது யார் என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், பெரும்பாலும் அந்தக் குழந்தைக்கும் தெரியும். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் 1, 2-ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டது. 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையும் 2-ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்றே கூறுகிறது. அப்படியிருக்க, அவர்களினும் இளைய எல்கேஜி குழந்தைக்கு வேறு பெயரில் வீட்டுப்பாடம் தரப்படுவது முறையாகாது. 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. ஏழே முக்கால் வேனுக்காக ஆறரை மணிக்கு எழும் குழந்தை, பகல் தூக்கம் இல்லையென்றால், இரவு எட்டரைக்குள் உறங்கியாக வேண்டும். வேலைக்குச் செல்லும் பெற்றோர் வீடு திரும்பி, சாப்பாடு கொடுத்து, சற்று நேரம் குதித்து விளையாடவிட்டு, கதை சொல்லிப் படுக்கவைப்பதற்கே அந்த மாலை போதவில்லை. அதற்குள் சார்ட்டும் பசையும் புகுந்தால் வெளியேறுவது விளையாட்டும் கதையும்தான்.

இந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிட்டார்கள். குழந்தைகளைக் கவனிக்கும் நேரம் இதில் சேராது. டைரிக் குறிப்பைப் படிப்பவள் தாய். வாட்ஸ்அப் குழுவில் இருப்பவள் தாய். "வீட்டில் கொஞ்சம் கவனியுங்கள், அம்மா" என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லப்படுவதைக் கேட்பவளும் தாய். அந்த ஒற்றை வாக்கியம் வீடு வரை வந்து, அன்று மாலை குழந்தையின் மேல் கோபமாக இறங்குவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் தந்தையும் உட்கார்ந்திருக்கும்போது, கேள்வியை அவரிடமும் கேட்குமாறு உங்கள் ஆசிரியைகளிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

குழந்தை கலைப்பதைக் கொண்டாடுவது நமக்குப் புதிதன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களை நினைத்துப் பாருங்கள். சிறுமியர் மணலில் கட்டிய வீட்டைப் பிள்ளை காலால் அழிப்பது சிற்றில் பருவம். கோலெடுத்துப் பறை முழக்குவது சிறுபறைப் பருவம். தேரை இழுத்துக்கொண்டு திரிவது சிறுதேர்ப் பருவம். அழிவும் இரைச்சலும் ஓயாத ஓட்டமும் வளர்ச்சியின் படிகளாகவே அங்கே பாடப்பட்டன. கட்டியதைக் கலைக்கும் குழந்தையிடம் 'எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே' என்று சிறுமியர் கெஞ்சுவதாகப் பாடிய புலவர்கள், கலைப்பவனை அடக்க ஒருநாளும் முற்படவில்லை. அந்தப் பருவங்கள் இன்றும் எங்கள் கூடத்தில் நடந்துகொண்டிருக்கின்றன. பறைக்குப் பதிலாகக் குக்கர் மூடி.

நாற்பது குழந்தைகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் ஆசிரியைக்கு ஒழுங்கு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. வெட்டாத நகம், தலையில் பேன், காய்ச்சலோடு அனுப்புவது ஆகியவை மற்றக் குழந்தைகளையும் பாதிப்பவை. அவற்றைக் கண்டிப்போடு சொல்லுங்கள், நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். இடது வலது மாறிய ஷூவும், காலரில் சாம்பார்க் கறையும், கோணலாகப் பின்னிய சடையும் யாரையும் பாதிப்பதில்லை. கோணல் சடைக்குப் பின்னால், சீப்பைத் தானே பிடித்துக்கொண்ட ஒரு குழந்தையோ, முதன்முறையாகச் சடை பின்னக் கற்றுக்கொண்ட ஒரு தந்தையோ இருக்கக்கூடும். இந்த இரண்டு வகைகளையும் உங்கள் டைரிகள் இன்று ஒரே சிவப்பு மையில் எழுதுகின்றன.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இது. மழலையர் வகுப்புகளுக்கு மட்டுமாவது முதல் கால் மணி நேரத்தை வந்து சேரும் நேரமாக வைத்து, அதற்குள் வரும் எவரையும் தாமதமாக வந்தவராகக் குறிக்காதீர்கள். பிராஜெக்ட் வேண்டுமென்றால் வகுப்பிலேயே செய்யச் சொல்லுங்கள்; அது கோணலாக இருந்தாலும் அதையே சுவரில் மாட்டுங்கள். வீட்டிலிருந்து படம் கேட்பதை நிறுத்த இயலாவிட்டால், வீட்டை ஒழுங்குபடுத்தாமல் எடுத்த படமே போதும் என்று அந்தச் செய்தியிலேயே எழுதுங்கள். நலத்தோடு தொடர்பில்லாத குறிப்பை டைரியில் எழுதும் முன், இது குழந்தைக்காக எழுதப்படுகிறதா, பள்ளியின் தோற்றத்துக்காக எழுதப்படுகிறதா என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க ஆசிரியைகளுக்கு இடம் கொடுங்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பெற்றோருக்கு நீங்கள் ஒரு கையேடு தருகிறீர்கள். அடுத்த கல்வியாண்டுக்கான கையேடு அச்சுக்குப் போகும் முன், ஷூவையும் பொத்தானையும் உணவையும் குழந்தையே முயன்று பார்க்க வீட்டில் நேரம் கொடுங்கள் என்றும், அதனால் உடையிலோ நேரத்திலோ சிறு குறை நேர்ந்தால் பள்ளி அதைப் பொருட்படுத்தாது என்றும் இரண்டு வாக்கியங்களைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதில் உங்களுக்கு ஏதேனும் இடர்ப்பாடு இருந்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள். அமர்ந்து பேச நாங்கள் அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
இரண்டு குழந்தைகளின் தாய்,
சென்னை