ஸ்மார்ட் போர்டு குடுத்தீங்க, கேள்வி கேக்க நேரமும் குடுங்க

பாடத்திட்டம் போடுறவங்களுக்கும், கிளாஸுக்கு என்ன வாங்கணும்னு முடிவு பண்றவங்களுக்கும் ஒரு சமூக அறிவியல் டீச்சரோட வணக்கம்.

நான் ஸ்கிரீனுக்கு எதிரி இல்லைங்க, அத முதல்லயே சொல்லிடுறேன். மத்திய ஆசியாவுல இருக்கற ஏரல் கடல் வத்திப்போன கதைய பல வருஷமா வாயாலயேதான் சொல்லிட்டு இருந்தேன், 1960-ல உலகத்துலயே நாலாவது பெரிய ஏரி, பருத்தி விளைவிக்க சோவியத் அரசு அமு தர்யா, சிர் தர்யா ரெண்டு ஆத்துத் தண்ணியயும் திருப்பி விட்டதுல சுருங்கிப்போச்சுன்னு. பசங்க நோட்ல எழுதிப்பாங்க, அவ்ளோதான். ஒரு நாள் கூகுள் எர்த் டைம்லாப்ஸ ஓட்டிக் காட்டினேன். 1984-ல இருந்து வருஷா வருஷம் செயற்கைக்கோள் படம், நீலம் கொஞ்சம் கொஞ்சமா வெளுத்துட்டே வருது, கிளாஸே அமைதியாயிருச்சு. பின் பெஞ்சுல இருந்து ஒரு பொண்ணு "அங்க மீன் பிடிச்சுட்டு இருந்தவங்க என்ன ஆனாங்க மிஸ்"னு கேட்டா. இந்தக் கேள்விய என் வாய்ப்பேச்சால அத்தன வருஷத்துல ஒரு தடவ கூட வரவைக்க முடியல.

ஆனா நீங்க குடுத்த ரெடிமேட் பாடத்துல அந்தக் கேள்விக்கு இடம் எங்க இருக்கு? ஆறு நிமிஷ வீடியோ, முடிஞ்சதும் அஞ்சு வினா, சரியான பதில தொட்டா பச்சை விழுது. அந்த ஏரிக் கரையில மொய்னாக்னு ஒரு ஊர் துறைமுகமா இருந்துச்சு, இப்போ அங்க கப்பலெல்லாம் மணல்ல துருப்பிடிச்சுக் கெடக்குன்னு நான் சொல்ல ஆரம்பிச்சா அன்னிக்கு வீடியோ முடியாது, ரிப்போர்ட்ல என் கிளாஸ் "பின்தங்கியது"ன்னு வரும்.

இன்னொரு விஷயம் இதவிட எனக்குக் கவலை. ஸ்கிரீன்ல வந்துட்டா பசங்க அத சந்தேகப்படுறதே இல்ல. மேப்ப ஓபன் பண்ணா கிரீன்லாந்து கிட்டத்தட்ட ஆப்பிரிக்கா சைஸுக்குத் தெரியுது, உண்மையில ஆப்பிரிக்கா அதவிட சுமார் 14 மடங்கு பெருசு. மெர்கேட்டர்னு ஒரு மேப் வரையறவர் 1569-ல மாலுமிங்க திசை பாத்து ஓட்டுறதுக்காகப் போட்ட முறை அது, பரப்பளவு காட்டுறதுக்கு இல்ல, இன்னிக்கும் நிறைய ஆன்லைன் மேப் அந்த வழியிலதான் வருது. நான் சொன்னா "கம்ப்யூட்டர் தப்பாவா மிஸ் காட்டும்"ங்கறாங்க. பழைய உலக உருண்டைய எடுத்து அவங்களையே அளக்க வெச்ச பிறகுதான் நம்பினாங்க. அந்த உருண்டைய ஸ்மார்ட் போர்டு வந்தப்போ தூக்கிப்போடச் சொன்னாங்க, நான்தான் பீரோ மேல எடுத்து வெச்சேன்.

போன மாசம் பிரெஞ்சுப் புரட்சி அசைன்மென்ட்ல ஒரு பையன் 1789 பாஸ்டில் சிறை முற்றுகையோட "போட்டோ"ன்னு ஒண்ணு ஒட்டிட்டு வந்தான், ஏஐ போட்டுக் குடுத்தது, அப்படியே நிஜம் மாதிரி. நான் திட்டல. முதல் போட்டோ எப்போ எடுத்தாங்கன்னு தேடச் சொன்னேன். இன்னிக்கு மிஞ்சியிருக்கறதுலயே ரொம்பப் பழைய கேமரா படம் 1826 இல்லன்னா 1827-ல நியெப்ஸ்னு ஒரு பிரெஞ்சுக்காரர் எடுத்ததுன்னு அதே டேப்லெட்ல அவனே கண்டுபிடிச்சு, அவனே எழுந்து நின்னு "அப்போ இது இருக்கவே முடியாது மிஸ்"னு சொன்னான், கிளாஸ் மொத்தமும் அதுக்கப்புறம் ஒவ்வொரு படத்தையும் யார் எடுத்தது எப்போ எடுத்ததுன்னு நோண்ட ஆரம்பிச்சிருச்சு. ஏமாத்துனதும் அந்தக் கருவிதான், புடிச்சுக் குடுத்ததும் அதேதான், நடுவுல தேவப்பட்டது ஒரு முழு பீரியட்.

அதத்தான் கேக்கறேன். வீடியோவ நடுவுல நிறுத்தறதுக்கு எங்களுக்கு உரிமை குடுங்க, எத்தன வீடியோ முடிஞ்சதுன்னு கணக்கு எடுக்கறத விடுங்க. வாரத்துல ஒரு பீரியடாவது, ஸ்கிரீன்ல பாத்தத யார் சொன்னது, எதுக்குச் சொன்னது, எத விட்டுட்டாங்கன்னு பசங்க பேசறதுக்கு மட்டும் ஒதுக்குங்க. எங்களுக்கு நடத்துற டிரெய்னிங்ல எந்த பட்டன அழுத்தணும்னு காட்டுறதோட நிறுத்தாம, ஒரு படத்த எப்படி விசாரிக்கறதுன்னும் சொல்லிக்குடுங்க. அப்புறம் வீட்ல ஒரே போன வெச்சு மூணு பேர் படிக்கற பிள்ளைங்க இருக்காங்க, ஆன்லைன் ஹோம்வொர்க் கட்டாயம்னு போடுறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்த கேளுங்க.

அடுத்த வருஷ டைம்டேபிள் இன்னும் முடிவாகலன்னு நினைக்கறேன், அதுக்குள்ள இதப் படிச்சிருவீங்கன்னு நம்பித்தான் எழுதறேன்.