அரப்பெட்டியில் நீ விட்டுப்போன தகடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு நீ அனுப்பிய கம்பளிச் சட்டை அளவாக இருக்கிறது. போட்டுப் பார்த்துவிட்டு மடித்து உள்ளே வைத்துவிட்டாள், உனக்குத்தான் அவளைத் தெரியுமே. விலாசம் தெளிவாகத்தான் எழுதியிருந்தாய். தபால்காரருக்கு ஒரு சிரமமும் இல்லை.

போட்டோவும் பார்த்தேன். "ஓடுது அப்பா" என்று இரண்டே வார்த்தை போட்டு அனுப்பியிருந்தாய். நான் அதை இருபது தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பேன். ஸ்டில் கம்பெனியின் கான்ட்ரா! நான் பிறந்த வருஷம் வந்த, மரம் அறுக்கும் சங்கிலி வாள் அது, 1959. அதற்கு முன்னால் பாதி வாள்கள் கியர் வைத்து சங்கிலியை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. இது கிளட்சிலிருந்தே நேராகச் சங்கிலியை ஓட்டியது. பன்னிரண்டு கிலோ கனமும் அந்தச் சத்தமும் இன்னும் என் தோளில் இருக்கிறது. அதை நீ தனியாக உட்கார்ந்து ஓட வைத்திருக்கிறாய். ஃப்ளைவீலை அச்சில் அசையாமல் பிடிக்கும் கீ பாதி அறுந்து டைமிங் தப்பியிருந்ததை நீயே கண்டுபிடித்தாய் என்று தம்பி சொன்னான். பாயிண்டையும் கண்டென்சரையும் மாற்றியும் தீப்பொறி சரியான நேரத்துக்கு வரவில்லை என்றால் கீயைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை மெக்கானிக்குக்குத் தோன்றும்? போன வருஷம் அந்த இன்னொரு வாளின் சிலிண்டரில் ஒட்டியிருந்த அலுமினியத்தை அமிலம் தொட்டுத் தொட்டுக் கரைத்து எடுத்தாயே, அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன், இவள் கை என் கையைவிடப் பொறுமையான கை என்று.

அந்தக் கை எப்படி இருக்கிறது?

சரி, வேலைக்கு வருகிறேன். ஐடிலிங்கில், மெதுவான ஓட்டத்தில், நிற்க மாட்டேன் என்கிறது, வேகத்தை ஏற்றிவிட்டால் சட்டென்று இறங்க மாட்டேன் என்கிறது என்று போன மாதம் சொன்னாய். கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பி அதைச் சரிசெய்யப் பார்க்காதே. கிராங்க் ஆயில் சீலைப் பார். அறுபது வருஷ ரப்பர் காய்ந்து கல்லாகியிருக்கும். அது வழியாகக் காற்று உள்ளே போனால் காற்று கூடி, பெட்ரோல் குறைந்து, கலவை இளைத்துவிடும். இளைத்தால் சூடு, சூடேறினால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். அவ்வளவு பாடுபட்டுச் செய்த எஞ்சின் ஒரு மரத்தைக்கூட அறுக்காமல் போய்விடும். கார்புரேட்டர் டயஃப்ரமும் பெட்ரோல் குழாயும் புதிதாகத்தான் போட்டிருப்பாய். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, நிற்கிற வரை ஓட்டி வை.

ஆயில் கலவைக்குப் பழைய குறிப்பேட்டில் 25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்று இருக்கும். அது அந்தக் காலத்து ஆயிலுக்குச் சொன்னது. இன்றைய நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்கு அவ்வளவு தேவையில்லை. எதைக் கலந்தாலும் ஒன்று ஞாபகம் வை. ஆயிலைக் கூட்டினால் அதே துளை வழியே போகிற பெட்ரோல் குறைகிறது, ஆகவே ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறக்க வேண்டும். ஆயில் அதிகம் ஊற்றினால் எஞ்சினுக்குப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டு கலவையை இளைக்க விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிளட்ச் ஸ்பிரிங்கையும் பார். தளர்ந்திருந்தால் நீ த்ராட்டிலை விட்ட பிறகும் சங்கிலி ஊர்ந்துகொண்டே இருக்கும். புது வாளில் என்றால் பிரேக்கைத் தள்ளி நிறுத்திவிடலாம். கான்ட்ராவில் எதைத் தள்ளுவாய்? செயின் பிரேக் என்ற ஒன்று வாள்களில் வரத் தொடங்கியதே 1970-களின் தொடக்கத்தில்தான். பின் கையைக் காக்கும் அகலமான தட்டு கிடையாது. அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொக்கி கிடையாது. கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரப்பர் கிடையாது, அதன் பலனைத்தான் குளிரில் வெளுத்துப்போகும் என் விரல்களில் நீ சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து பார்க்கிறாய். அந்த வாளில் எல்லாமே ஆளுடைய கையை நம்பித்தான் இருக்கிறது.

நீ இடதுகைக்காரி. அதை நான் மறக்கவில்லை. வாள்களை வலதுகைக்காரர்களுக்கென்றே செய்திருக்கிறார்கள். இடது கை முன் கைப்பிடியில், கட்டைவிரல் கீழாகச் சுற்றி வர வேண்டும். வலது கை பின்னால். உனக்கு அது முரணாகத்தான் இருக்கும், பன்னிரண்டு வயதிலேயே மாற்றிப் பிடிக்கப் பார்த்தாய், நான் திட்டினேன். மாற்றிப் பிடித்தால் உன் தலையும் கழுத்தும், சங்கிலி சுற்றி ஓடும் நீள இரும்புப் பட்டை இருக்கிறதே, அந்தப் பாருக்கு நேர்கோட்டில் வந்துவிடும். சரியாகப் பிடித்தால் வாள் எகிறினாலும் உன் வலது பக்கமாக, தோளுக்கு வெளியே போக வழி இருக்கிறது. மாற்றிப் பிடிக்காதே. யாரும் இல்லாத இடத்தில்கூட மாற்றிப் பிடிக்காதே.

அம்மா கேட்கச் சொன்னாள், ஏன் இரண்டு மாதமாக வீடியோவில் வருவதில்லை என்று. நெட் சரியில்லை என்று நீ சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். போனில் பேசினாலும் இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறாய். உனக்கு வேலை இருக்கும், எங்களுக்குத்தான் வேலை இல்லை. ஆனாலும் ஒரு பழைய வாளுக்கு மணிக்கணக்காக உட்காருகிறவள் பெற்றவளுக்குப் பத்து நிமிஷம் உட்காரலாம்.

கோபத்தில் எழுதிவிட்டேன். எழுதியதை அடித்துத் திருத்தப் போவதில்லை, இருக்கட்டும்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பார்சல் அட்டையை நான் கிழித்துப் போடவில்லை. உன் பழைய கடிதங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன் எழுத்து இடது பக்கம் சாயும். இந்த விலாசத்தில் எழுத்துகள் நேராக நிற்கின்றன, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் ஒவ்வொன்றும் தனித்தனியாக. அதை நீ வலது கையால் எழுதியிருக்கிறாய். போட்டோவிலும் வாளின் இந்தப் பக்கம் வலது கை மட்டும் தெரிகிறது. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அந்தப் போட்டோவை விரல் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சங்கிலியில் ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு நிற்குமே, அந்த டெப்த் கேஜ், அது உன் சங்கிலியில் மிகவும் தாழ்ந்திருக்கிறது. சரியாகப் பார்த்தேனா என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். என் அரம் போகும் கோணம் எனக்குத் தெரியாதா? அது என் கை வேலை, உன் கையில்.

புழுக் கதை உனக்கு ஞாபகம் இருக்கும், தூங்க வைக்க எத்தனை முறை சொல்லியிருப்பேன். 1946-இல் ஒரிகனில் ஜோசப் காக்ஸ் விறகு வெட்டும்போது மரத்தைக் குடையும் வண்டுப் புழுவைப் பார்த்தார். அது தாடையை இடமும் வலமும் மாற்றி மாற்றி வைத்து, நாரின் குறுக்காகவும் நெடுக்காகவும் மரத்தைச் செதுக்கிக்கொண்டு போனது. அதைப் பார்த்துத்தான் இடம் வலமாகப் பல் மாறி வரும் சங்கிலியைச் செய்தார். இன்று ஓடும் சங்கிலியெல்லாம் அந்த வழியில் வந்ததுதான். கதையில் ஒரு பாதியை மட்டும்தான் உனக்குச் சொன்னேன். பல் எவ்வளவு கடிக்க வேண்டும் என்று முடிவு செய்வது அதன் முன்னால் நிற்கும் மேடு. உன் .404 அங்குல அளவுச் சங்கிலிக்குப் பல்லின் நுனியைவிட அந்த மேடு சுமார் 0.8 மில்லிமீட்டர்தான் தாழ்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல் தாழ்த்தினால் சீவல் பெரிது பெரிதாக வரும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் பல் மரத்தைக் கவ்வும். பாரின் மூக்கில் மேல் கால்பகுதி எதன்மீதாவது பட்டுக் கவ்வினால், எஞ்சினின் பலம் முழுதும் பாரையே திருப்பி மேலே எறிந்துவிடும். கண் சிமிட்டக்கூட நேரம் இருக்காது.

மாமாவின் தோள் அப்படித்தான் போனது.

மாமா அவசரப்பட்டார், மூக்கைக் கிளைக்குள் விட்டார் என்றுதானே நம் வீட்டில் பேச்சு. அவரும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். "நான்தான் மச்சான் பார்க்காமல் விட்டுட்டேன்" என்று இன்றைக்கும் என்னிடமே சொல்கிறார். பின்னால் ஒரு கிளை மறைந்திருந்தது, அதில் மூக்கு பட்டது, உண்மைதான். ஆனால் அந்தச் சங்கிலியை முந்தின நாள் ராவியது நான். பல் மழுங்கியிருந்தது. பல்லை ஒழுங்காகத் தீட்ட இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குப் பதில் மேடுகளை எல்லாம் தட்டை அரத்தால் இழுத்து இழுத்துத் தாழ்த்தினேன். என் வாளில் விழுகிற சீவல் வேறு யார் வாளிலும் விழாது என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்த வாளைத்தான் மாமா கையில் கொடுத்தேன், "பார், எப்படிக் கடிக்கிறது" என்று சொல்லி.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அன்று இரவே வந்து அந்தச் சங்கிலியைக் கழற்றிக் கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன். மறுநாள் யாராவது வந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று பயந்தேன். யாரும் பார்க்க வரவில்லை. அவர் இடது கை தலைக்கு மேல் போகாது என்று ஆகிவிட்ட பிறகும் நான் வாய் திறக்கவில்லை. அவரை அவசரக்காரர் என்று நீங்கள் எல்லாரும் சிரித்தபோது நானும் உட்கார்ந்திருந்தேன்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. உனக்கு அரம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது அதற்கு இரண்டு வருஷம் முன்னால். "அளவெல்லாம் பார்க்காதே பாப்பா, கண்ணாலேயே பார்த்து ராவு, கைக்குத் தெரியும்" என்று சொன்னேன். மாமாவுக்கு அடிபட்ட பிறகு மேட்டின் உயரத்தைப் பார்க்கும் ஒரு அளவுத் தகடு வாங்கினேன். அன்றிலிருந்து அது இல்லாமல் ஒரு மேட்டைக்கூட நான் தொட்டதில்லை. ஆனால் உன்னைக் கூப்பிட்டு, முன்னே சொன்னது தப்பு, இப்படிச் செய் என்று சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று நீ கேட்பாய். நீ கேட்காமல் விடுகிற பிள்ளை இல்லை.

போன முறை வந்தபோது அரப்பெட்டியிலிருந்த அரங்களை எடுத்துக்கொண்டு போனாய். சொல்லாமல் எடுத்தாய் என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டேன், உள்ளுக்குள் சந்தோஷம்தான். தகட்டை மட்டும் பெட்டியில் வைத்துவிட்டு வெறும் அரங்களை எடுத்துப் போயிருக்கிறாய் என்று போன வாரம்தான் பார்த்தேன். அது எதற்கு என்று உனக்குத் தெரியாது. தெரிய வைத்திருக்க வேண்டியவன் நான்.

உன் கைக்கு என்ன ஆனது என்று எழுது. வாளால்தானா, இல்லை வேறு ஏதாவதா? விரல் அசைகிறதா? டாக்டர் என்ன சொன்னார்? நான் திட்ட மாட்டேன். திட்ட எனக்கு வாயில்லை. எந்தக் கையால் எழுதினாலும் எனக்குப் படிக்க வரும். மாமாவிடம் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லப் போகிறேன். அவர் என்ன சொல்கிறார் என்று அப்புறம் எழுதுகிறேன்.

தகட்டை இதோடு வைத்திருக்கிறேன். சங்கிலியின் மேல் படுக்க வை, பிளவின் வழியே மேலே துருத்துவதை மட்டும் தட்டை அரத்தால் எடு. துருத்தவில்லை என்றால் தொடாதே. இப்போது வாளில் இருக்கும் சங்கிலியை இனி ஓட்டாதே. தாழ்ந்துபோன மேட்டை உயர்த்த முடியாது, அளவு சரியாகும் வரை 5.5 மில்லிமீட்டர் உருண்டை அரத்தால் பற்களைத்தான் பின்னுக்கு ராவ வேண்டும். அதற்குப் பல்லில் பாதி போய்விடும். அந்தக் கஷ்டமே வேண்டாம், புதுச் சங்கிலி வாங்கிக்கொள். கை ஆறும் வரை கான்ட்ராவைக் கிளப்பாதே. ஆறிய பிறகும் தரையில் கிடக்கும் கட்டையைத் துண்டு போட மட்டும் எடு. நிற்கிற மரத்துக்கும் கிளைக்கும் பிரேக் உள்ள புது வாள்தான். தோளுக்கு மேலே தூக்காதே. மூக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே அறு. இதையெல்லாம் மேலே சொல்லிவிட்டேனோ என்னவோ, இருந்தால் இருக்கட்டும்.

அம்மா ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுவாள். அதற்குப் பிறகு கூப்பிடு, நான் விழித்துத்தான் இருப்பேன்.

அப்பா