அம்மா வரைஞ்ச மணிக்கூடு

மச்சான்,

எப்பிடி இருக்க? இங்க அட்டன்ல ஒரு கிழமையா விடாத மழை, உடுப்பு ஒன்னும் காயுதில்ல. அப்பா ஒரே கேள்விய திருப்பித் திருப்பி கேக்குறாருன்னு நீ போன்ல சொன்னதுல இருந்து எழுதணும் எழுதணும்னே இருந்தேன், அம்மாவுக்கும் போன மாசம் அந்த ஞாபக டெஸ்ட் எடுத்தோம்.

பயப்புடாத, மூணு நிமிசத்து வேலதான். மினி-கொக்னு பேரு. வாழைப்பழம், சூரியோதயம், நாற்காலின்னு மூணு சொல்லு சொல்லி, பிறகு மணிக்கூடு ஒன்னு வரைஞ்சு பதினொன்னு பத்துக்கு முள்ளு வைக்கச் சொல்லுவாங்க, அது முடிஞ்சதும் அந்த மூணு சொல்லையும் கேப்பாங்க. சொல்லுக்கு 3, மணிக்கூட்டுக்கு 2, மொத்தம் 5. 3க்கு கொறஞ்சா மேல பாக்கணும், அவ்வளவுதான், மறதி நோய் இருக்குன்னு முடிவு இல்ல.

அம்மா பேனா புடிச்சத நீ பாத்திருக்கணும்டா, தேயிலைக் கொழுந்து கிள்ளுற மாதிரியே ரெண்டு விரல் நுனியில. வட்டம் போட்டுச்சு, பிறகு என்னயவே பாக்குது. ரெண்டாம் வகுப்போட நின்ன மனுசி, நாப்பது வருசம் காலையில வேலைக்கு ஆள் கூப்புடுற பெரட்டுக்கு அடிக்கிற தப்பும், தேயிலை ஸ்டோர் சங்கும்தான் அதுக்கு நேரம், கையில மணிக்கூடு கட்டுனதே இல்ல. சொல்லுல சூரியோதயம் வரல. நம்ம தோட்டத்து லயத்து வீடுகள்ல யாருடா சூரியோதயம்னு சொல்றா, விடியக்காலைன்னு கேட்டிருந்தா சொல்லியிருக்கும். மொத்தம் 2ன்னு எழுதிட்டு அடுத்த ஆள கூப்புட்டுட்டாங்க, எனக்கு வந்த கோவம்!

பிறகு காட்டுன டொக்டர் மொதல்ல கேட்டதே எத்தன வருசம் படிச்சாங்கன்னுதான். மொக்கான்னு ஞாபகம் பாக்குற இன்னொரு 30 மார்க் டெஸ்ட்ல படிப்பு 12 வருசமோ அதுக்கு கொறவோன்னா ஒரு மார்க் கூட்டுவாங்களாம், அது எந்த மூலைக்குன்னு அவரே சிரிச்சாரு. அப்புறம் என்கிட்டதான் நோண்டி நோண்டி கேட்டாரு, எப்ப இருந்து, காசு சரியா எண்ணுதா, வழி தெரியுதான்னு. சித்திரையில இருந்து ரொட்டி மாவுக்கு ரெண்டு தடவ உப்பு போடுறதையும், ஒரு நாள் நம்ம லயத்துக்கே வழி தெரியாம நின்னதையும் சொன்னேன். ரத்தம் பாத்ததுல பி12 விட்டமின் கொறைவு, ஊசி போடுறாங்க, தைரொயிட் சரி. கொஞ்ச நாள் போனாத்தான் தெரியும்.

உங்க அப்பா கணக்கப்பிள்ளையா இருந்தவரு, மணிக்கூட அச்சு மாதிரி வரைஞ்சிருவாரு, 5க்கு 5 வந்துச்சுன்னு நீ பேசாம இருந்துறாத. வீட்டுல என்னென்ன மாறுச்சுன்னு எழுதிக் கொண்டு போ. காதையும் காட்டு, டிவி சத்தத்த கூட்டிக் கூட்டி வைக்கிறாருன்னு நீதானே சொன்ன.

தீவாளிக்கு வருவதானே? அம்மா கேட்டுச்சு.

உன் மச்சான்