ஏப்ரல் 8 நமக்கு ஒத்துவராது

ஹைலண்ட் பார்க், நியூ ஜெர்சி
5 மார்ச் 2026

அன்பு மகளுக்கு,

நம் பேரன் சின்னவனின் ஐஇபி (அவனுக்கான தனிக் கல்வித் திட்டம்) கூட்டத்துக்குப் பள்ளியிலிருந்து வந்த அழைப்புத் தாளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாயே, பார்த்தேன். ஏப்ரல் 8, புதன்கிழமை, காலை ஒன்பதரை மணி. அதன் கீழே நீ போட்டிருந்த வரியையும் பார்த்தேன். “பரவாயில்லை அம்மா, போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுகிறேன். தேதியை மாற்றச் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.” போனில் பேசினால் “சரிம்மா, சரிம்மா” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பூரிம் பண்டிகைத் தட்டுகளில் வந்த ஹாமன்டாஷன் பலகாரம் இன்னும் தீரவில்லை. அப்பா ஆளுக்கு முன்னால் அதைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் நம் யூதப் பஸ்கா பண்டிகை வேலை பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 8 பஸ்காவின் ஏழாம் நாள். இடையில் வரும் அரைப் பண்டிகை நாள் இல்லை, முழுப் பண்டிகை. அன்றைக்கு நீ காரை எடுக்க மாட்டாய், போனைத் தொட மாட்டாய், பேனா பிடிக்க மாட்டாய். எதிரே ஐந்து பேர் மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருக்க, நீ மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ஐஇபி கூட்டத்தில் உட்கார்ந்து என்ன செய்வாய்? ஒரு குறிப்பு எடுக்க முடியாது, ஒரு கையெழுத்துப் போட முடியாது. அவர்கள் சொன்னது பாதி மறந்துபோய் நீ வீட்டுக்கு நடந்து வருவாய்.

பள்ளியின் மேல் எனக்குக் கோபமில்லை. இந்த வருடம் புனித வெள்ளி 3-ஆம் தேதி, ஈஸ்டர் 5-ஆம் தேதி. அந்த விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பும்போது பஸ்காவும் முடிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள். வெளியில் உள்ளவர்களுக்கு பஸ்கா என்றால் முதல் ராத்திரி சேடர் விருந்துதான். எட்டு நாள் கணக்கும் கடைசி இரண்டு நாளும் அவர்களுக்கு எங்கே தெரியும்? சொன்னால்தான் தெரியும். நீ சொல்லவில்லை என்றால் அடுத்த வருடமும் இதே கூத்துதான்.

முகம் சுளிப்பார்கள் என்கிறாயே, அதற்கு வருகிறேன். கூட்டத்தின் நேரமும் இடமும் பெற்றோருக்கும் பள்ளிக்கும் ஒத்துவருவதாக இருக்க வேண்டும் என்பது ஐடிஇஏ என்ற சிறப்புக் கல்விச் சட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. நீ கேட்பது சலுகை இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். இந்தச் சட்டம் வாஷிங்டனில் யாரோ மனம் இரங்கிக் கொடுத்தது என்று நினைத்துவிடாதே. 1971-ல் பென்சில்வேனியாவில், நீ இப்போது இருக்கும் அதே மாநிலத்தில், மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளின் பெற்றோர்கள் தங்கள் சங்கத்தின் மூலம் மாநில அரசின் மேலேயே வழக்குப் போட்டார்கள். ‘இந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது’ என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வழக்கின் சூட்டில்தான் 1975-ல் மத்தியச் சட்டம் வந்தது. அவர்கள் முகச் சுளிப்பைப் பார்த்துத் திரும்பியிருந்தால், நம் சின்னவன் இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் முட்டாள் பட்டத்தோடு உட்கார்ந்திருப்பான்.

சரி, தேதியை எங்கே தள்ளுவது? பின்னால் தள்ள முடியாது. சென்ற வருடம் கூட்டம் நடந்தது ஏப்ரல் 10. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் சென்ற வருடம் பஸ்காவுக்கு முந்தைய நாள் ஷபாத்தில், நம் சனிக்கிழமை ஓய்வுநாளில், விழுந்துவிட்டது. ஹாமெட்ஸ் (பஸ்காவில் வீட்டில் இருக்கக் கூடாத புளித்த மாவுப் பண்டம்) தேடலை வியாழன் இரவே முடிக்க வேண்டியதாயிற்று. நீ பகலில் கூட்டத்துக்குப் போய்விட்டு, ராத்திரி மெழுகுவர்த்தியும் இறகும் மரக்கரண்டியுமாக ரொட்டித் துணுக்கு தேடினாய். அப்படிப்பட்ட பஸ்கா இனி 2045-ல்தான் வரும், விடு. ஐஇபியை வருடத்துக்கு ஒரு முறையாவது மறுபடி பார்த்தாக வேண்டும் என்பதால் இந்த ஏப்ரல் 9-ஐ அவர்களும் தாண்ட முடியாது. 8, 9 இரண்டும் நமக்கு ஆகாது. ஆக, முன்னால்தான் இழுக்க வேண்டும். மார்ச் 24, 25, 26 என்று மூன்று தேதி கொடு. “எப்போது வசதி?” என்று கேட்காதே, ஒரு வாரம் இழுத்தடிப்பார்கள். தேதியைக் கையில் கொடுத்தால் ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஐயோ அம்மா, அது சுத்தம் செய்கிற வாரம் அல்லவா, அடுப்பு, ஃபிரிட்ஜ், கார், எல்லாம் அப்படியே கிடக்குமே என்பாய். கிடக்கட்டும். அழுக்கு வேறு, ஹாமெட்ஸ் வேறு. ஜன்னல் திரையில் தூசி இருந்தால் பஸ்கா கெட்டுவிடாது. மிஷ்னா என்ற நம் பழைய சட்டத் தொகுப்பில், பெஸாகிம் என்ற பஸ்கா பகுதி தொடங்குகிற இடத்திலேயே சொல்லியிருக்கிறது, ஹாமெட்ஸ் போகாத இடத்தில் தேட வேண்டியதில்லை என்று. படுக்கையறை அலமாரியில் யார் ரொட்டி தின்றார்கள்? துணி மடிக்கிற வேலையை எல்லாம் பஸ்கா தலையில் கட்டுகிறோம், பிறகு சேடர் மேசையில் கண்ணைத் திறக்க முடியாமல் உட்காருகிறோம். சமையலறை, சாப்பாட்டு மேசை, கார், பையனின் புத்தகப்பை. இவ்வளவுதான் உன் பட்டியல். கார் சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி சீரியோஸ் நிச்சயம் இருக்கும், அதை மட்டும் மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். மேல் அலமாரியில் இருக்கிற மாவு, பாஸ்தா, விஸ்கி எல்லாவற்றையும் கதவைச் சாத்தி டேப் ஒட்டி, நம் மதகுரு ராபை மூலம் யூதரல்லாதவருக்கு விற்றுவிடு. அதற்குத்தான் அந்த ஏற்பாடே இருக்கிறது.

பள்ளிக் கோப்பையும் உதறு, மறந்துவிடாதே. சிரிக்காதே. உன் தம்பியின் பச்சைக் கோப்பை ஒரு வருடம் நான் பஸ்காவுக்கு முன்னால் தலைகீழாகப் பிடித்து உதறினேன். மூன்றாம் வகுப்பு பரிசோதனை அறிக்கைக்கும் பேச்சுப் பயிற்சி அறிக்கைக்கும் நடுவிலிருந்து ருகலாக் பிஸ்கட் தூள் ஒரு கைப்பிடி கொட்டியது. ராத்திரி சாப்பாட்டு மேசையில் தின்றுகொண்டே படித்ததன் பலன். ஒரு பக்கத்தில் ஜாம் ஒட்டி, அவன் படிக்கும் வேகம் எழுதியிருந்த கட்டமே மறைந்துபோயிருந்தது.

அந்தக் கட்டம்தான் முக்கியம். கூட்டத்துக்கு முன்பே மதிப்பெண் தாள்களையும் வரைவையும் அனுப்பச் சொல். பிள்ளையின் பதிவேடுகளைக் கூட்டத்துக்கு முன் பார்க்க உனக்கு உரிமை உண்டு. உன் தம்பி ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, பள்ளியின் பெயர் வேண்டாம், “படிப்பில் திருப்திகரமான முன்னேற்றம்” என்று வாசித்தார்கள். நான் ஒன்றுதான் கேட்டேன். செப்டம்பரில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொல் தப்பில்லாமல் படித்தான், இப்போது எத்தனை? ஒருவர் பக்கத்தைப் புரட்டினார். இன்னொருவர் அவர் புரட்டுவதைப் பார்த்தார். எண் கையில் இல்லை, அனுப்பிவைக்கிறோம் என்றார்கள். பின்னால் வந்தபோது இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருந்தது. அதற்கு அப்புறம் நான் குரலை உயர்த்தவே தேவைப்படவில்லை. அந்த இரண்டு எண்ணே பேசியது, தனிப் பயிற்சி ஆசிரியர் வந்தார். இன்று அவன் மின்சார வரைபடத்தை மேசை முழுக்க விரித்து வைத்துக்கொண்டு எனக்கு விளக்கம் சொல்கிறான், எனக்குத்தான் ஒன்றும் புரிவதில்லை.

உங்கள் காலத்தில் உனக்கு இன்னும் வலுவான பிடி இருக்கிறது. 2017-ல் எண்ட்ரூ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: பெயருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேறினால் போதும் என்பது சரியில்லை, அந்தப் பிள்ளையின் நிலைமைக்கு ஏற்ற முன்னேற்றம் கிடைக்கும்படி திட்டம் இருக்க வேண்டும் என்று. இதைக் கூட்டத்தில் எடுத்து வீசாதே, வக்கீல் போலப் பேசினால் அவர்களும் வக்கீலைக் கூப்பிடுவார்கள். மனதில் வைத்துக்கொள், போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் அனுபவம் உனக்கு அப்படியே பொருந்தாது. நியூ ஜெர்சியில் 2008-லிருந்து, தகராறு என்று வந்தால் தன் திட்டம் சரி என்று பள்ளிதான் நிரூபிக்க வேண்டும். உன் மாநிலத்தில் அந்தப் பாரம் வழக்கைக் கொண்டுபோகிறவர் தலையில். நமக்கு அந்த வாசல் வரை போகும் எண்ணமே இல்லை. இருந்தாலும் வாசலில் நின்று பேசினாலும் சரி, போனில் பேசினாலும் சரி, அன்றைக்கே “நாம் பேசியது இது” என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடு.

கூட்டம் முடிந்ததும் பள்ளி சொல்லும் ஏற்பாட்டுக்கு உன் சம்மதம் கேட்டு நோரெப் என்று ஒரு தாள் தருவார்களே, அதற்குப் பத்து நாள்தான் கெடு, வார இறுதியும் விடுமுறையும் சேர்த்து. 25-ஆம் தேதி கையில் வாங்கினால் ஏப்ரல் 4 வரும்போது கெடு முடியும். அது பஸ்கா நடுவில் வரும் ஷபாத். நீ பதில் சொல்லாவிட்டால் அவர்கள் எழுதியதே நடைமுறைக்கு வந்துவிடும். அதனால் 31-ஆம் தேதிக்குள் டிக் போட்டு, கையெழுத்திட்டு, ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு அனுப்பு. அதோடு கோப்பை மூடிவிடு. சேடர் மேசைக்குப் பள்ளிப் பேச்சு வேண்டாம்.

ஆனால் சேடர் பற்றி எனக்கு ஒரு பேச்சு இருக்கிறது. உன் மாமனார் நல்ல மனிதர், நடத்துகிற விதமும் அழகு. ஆனால் அவர் வழக்கம் என்ன? சேடரில் படிக்கும் ஹகாதா புத்தகத்தை மேசையைச் சுற்றி ஆளுக்கொரு பத்தி வாசிக்க வைப்பது. சென்ற வருடம் முறை வந்துகொண்டே இருக்கும்போது சின்னவன் என்ன செய்தான் என்று நீ சமையலறையில் இருந்தாய், பார்க்கவில்லை. தனக்கு எந்தப் பத்தி வரும் என்று ஆட்களை விரலால் எண்ணி, அதை உதட்டசைவில் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இடையில் அத்தை இரண்டு பத்தி சேர்த்து வாசித்துவிட்டாள், கணக்குத் தப்பிவிட்டது. வயிறு வலிக்கிறது என்று எழுந்து போய்விட்டான். வயிற்றில் ஒன்றும் இல்லை.

வகுப்பில் திடீரென்று எழுப்பிச் சத்தமாகப் படிக்கச் சொல்லக் கூடாது என்று அவனுடைய ஐஇபியில் நீயே சண்டை போட்டு எழுத வைத்திருக்கிறாய். அந்நியரிடம் கேட்டு வாங்கியதை நம் மேசையில் நாமே மறுக்கலாமா? இந்த வருடம் விருப்பம் உள்ளவர்கள் வாசிக்கட்டும். மற்றவர்கள் பாடட்டும், கேள்வி கேட்கட்டும், மாட்சா என்ற புளிக்காத ரொட்டியை ஒளித்து வைக்கட்டும். யாரையும் சுட்டிக்காட்ட வேண்டாம், இவனுக்காகத்தான் என்று சொல்லவும் வேண்டாம்.

சேடரில் சின்னப் பிள்ளை பாடும் கேள்விகள், மா நிஷ்தானா, அவன்தான் பாட வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுக்காதே. எபிரேயத்தில் தாலெத் எழுத்துக்கும் ரேஷ் எழுத்துக்கும் வித்தியாசம் எனக்கே கண்ணாடி போட்டால்தான் தெரிகிறது, அவன் பாவம் என்ன செய்வான்? காதால் கற்றுக்கொள்ளட்டும். உன் தம்பி அப்படித்தான் கற்றான், குளிக்கும்போதெல்லாம் அதையே பாடி வீட்டைக் கூட்டினான். அப்பா ஒவ்வொரு கேள்வியாக மெதுவாகப் பாடிப் பதிவு செய்து இன்றிரவு அனுப்புகிறார். பள்ளிக்குப் போகும் வழியில் காரில் போடு.

நாங்கள் 31-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை மாலை அங்கே வந்துவிடுவோம். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் அப்பாவை இந்த முறை நான் ஓட்ட விடப்போவதில்லை. என் சமையலறையை 29-ஆம் தேதி ஞாயிறன்றே பஸ்காவுக்கு மாற்றிவிடுகிறேன். பிரிஸ்கெட் மாட்டிறைச்சியும் கோழி சூப்பும் இங்கேயே செய்து ஐஸ் பெட்டியில் கொண்டு வருகிறேன். ஹரோசெத் இனிப்புக் கலவையை அங்கே வந்து செய்யலாம், ஆப்பிளும் வால்நட்டும் மட்டும் வாங்கி வை. குதிரை முள்ளங்கி துருவுவது அப்பா பொறுப்பு, தாழ்வாரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே துருவட்டும். சூப்பில் போடும் நெய்ட்லாக் மாட்சா உருண்டை மட்டும் உன் கையால் செய். என்னுடையது கல்லாக வருகிறது என்று உன் அப்பா கல்யாணம் ஆன வருடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். முட்டையை இப்போதே நிறைய வாங்கிவிடு, கடைசி வாரத்தில் மர்ரி அவென்யூ கடைத்தெருவில் காரை நிறுத்தக்கூட இடம் கிடைக்காது.

இன்றிரவே பள்ளிக்கு எழுது. நீளமாக வேண்டாம். “ஏப்ரல் 8, 9 எங்கள் பண்டிகை நாட்கள், அன்று என்னால் வரவோ எழுதவோ போனில் பேசவோ இயலாது. மார்ச் 24, 25, 26 ஆகிய நாட்களில் எப்போது வேண்டுமானாலும் வருகிறேன். மதிப்பெண் தாள்களையும் வரைவையும் முன்கூட்டியே அனுப்புங்கள்.” இவ்வளவு போதும். மன்னிக்கவும் என்று தொடங்காதே. நன்றி என்று முடி. ஒரு நகல் எனக்கும் போடு.

உன் மாமனாரிடம் வாசிப்பு விஷயத்தை நீ பேசுகிறாயா, நான் பேசட்டுமா? நான் பேசினால் சம்பந்தி சொல்கிறாளே என்று கேட்டுக்கொள்வார், ஆனால் ஒரு மணி நேரம் ஆகும். அதை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா